மருத்துவ மாணவரின் கடனும் கைக்காசும்

"டாக்டராயிட்டா கட்டிடலாம்." மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்த எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு இருக்கும். அதில் உண்மையும் இருக்கிறது. சிங்கப்பூரில் மருத்துவம் முடித்தவருக்குப் பொது மருத்துவமனையில் வேலை காத்திருக்கிறது, சம்பளம் நிச்சயம். ஆனால் அந்தத் தைரியத்தில்தான் பலர் மூன்று கேள்விகளைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். வட்டி எத்தனை? அது எந்த நாளிலிருந்து ஓடும்? நான் கட்டாவிட்டால் யாரிடம் போவார்கள்? இந்த அத்தியாயம் முழுக்க இந்த மூன்று கேள்விகள்தான். பெரிய கடனுக்குப் பயப்பட வேண்டாம். வட்டி அதிகமுள்ள சின்னக் கடனுக்குப் பயப்படுங்கள்.

ஒரு நோட்டும் கால்குலேட்டரும் பக்கத்தில் இருக்கட்டும். அப்பா அம்மாவும் கூட உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

முதலில் முழுத் தொகையை எழுதுங்கள்

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் பள்ளி, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் பள்ளி, இரண்டிலும் படிப்பு 5 ஆண்டு. ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்கள் சேரும் டியூக்-என்யுஎஸ் பள்ளியில் 4 ஆண்டு. அரசாங்க மானியம் போக, 5 ஆண்டுப் படிப்பில் குடிமகன் கட்ட வேண்டியது ஆண்டுக்கு 30,000 வெள்ளிக்கு மேல். நிரந்தரவாசிக்கும் வெளிநாட்டு மாணவருக்கும் இன்னும் கூடுதல். ஆக, சாப்பாடு, பஸ், புத்தகம் எதுவும் சேராமல் கட்டணமே ஒன்றரை லட்சம் வெள்ளியைத் தாண்டும்.

மானியத்துக்குப் பதிலாக 'பாண்ட்' எழுதித் தருகிறீர்கள். இந்த 5 ஆண்டுப் படிப்புக்குக் குடிமக்கள் 5 ஆண்டும் மற்றவர்கள் 6 ஆண்டும் சுகாதார அமைச்சு சொல்லும் இடத்தில் வேலை செய்ய வேண்டும். பாண்ட் கையெழுத்தாகும் நாளில் வீடே கொண்டாட்டத்தில் இருக்கும், யாரும் பத்திரத்தைப் படிக்கமாட்டார்கள். நீங்கள் படியுங்கள். அதில் மூன்றைத் தேடுங்கள்:

1. பணி ஆண்டுகள் எந்த நாளிலிருந்து கணக்கு? பட்டம் வாங்கிய நாளா, பயிற்சி மருத்துவர் ஆண்டு முடிந்த பிறகா?
2. படிப்பை நடுவில் விட்டால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும், அதற்கு வட்டி உண்டா?
3. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் எந்தத் தொகைக்குப் பொறுப்பு?

மூன்றுக்கும் பதிலை உங்கள் சொந்த வார்த்தையில் நோட்டில் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் இன்னும் புரியவில்லை என்று பொருள். பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

பணத்தை எந்த வரிசையில் எடுப்பது

எல்லா வழியும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதுபோல் தோன்றும். வரிசை மாறினால் ஆயிரக்கணக்கில் நட்டம்.

1. திருப்பித் தர வேண்டாத பணம். உபகாரச் சம்பளமும் கல்வி உதவிநிதியும் முதலில். குறைந்த வருமானக் குடும்பத்து மருத்துவ மாணவர் கட்டும் தொகையை ஆண்டுக்கு 5,000 வெள்ளி அளவுக்கு இறக்கும் திட்டத்தை 2019 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தார். இது தெரியாமல் வங்கிக்கு ஓடும் குடும்பங்கள் இன்றும் உண்டு. பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகத்தில் அரசாங்க உதவிநிதி, பள்ளியின் சொந்த உதவிநிதி இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். பெய்ட்டி ரோட்டில் இருக்கும் சிண்டாவிடமும் கேளுங்கள். இந்தியச் சமூகத்துக்காக 1991-இல் தொடங்கிய அமைப்பு அது. உங்கள் அப்பா அம்மாவின் சம்பளத்தில் மாதாமாதம் சிறு தொகை பிடிக்கிறார்களே, அது போவது அங்கேதான். கோயில்களும் சமூகச் சங்கங்களும் தரும் உதவிக்கு உங்கள் வட்டாரத்தில் விசாரியுங்கள்.

2. உயர்நிலைப் பள்ளிக்குப் பிந்திய கல்விக் கணக்கு. பள்ளிக்காலத்து எடுசேவ் மிச்சம் உங்கள் பெயரில் அங்கே கிடக்கலாம். கட்டணத்துக்கும் எடுக்கலாம், பின்னால் கல்விக் கடனை அடைக்கவும் எடுக்கலாம். எடுக்காமலே விட்டால் 30 வயதுக்குப் பிறகு மத்திய சேம நிதிக்குப் போய்விடும். சிறு தொகைதான், ஆனாலும் உங்களுடையது.

3. கல்விக்கட்டணக் கடன். மானியம் போன கட்டணத்தில் 90 விழுக்காடு வரை. படிக்கும்வரை வட்டி இல்லை.

4. படிப்புக் கடன். மேலே சொன்ன கடன் போக மீதமுள்ள 10 விழுக்காட்டுக்கும் ஓரளவு வாழ்க்கைச் செலவுக்கும், குடும்ப வருமானம் பார்த்துத் தருவது. இதற்கும் படிக்கும்வரை வட்டி இல்லை.

5. பெற்றோரின் மத்திய சேம நிதி. கடைசியில். ஏன் என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

> அடிக்கடி நடக்கும் தவறு: உதவிநிதிக்கு "தலைக்கு எவ்வளவு வருமானம்" என்று பார்ப்பார்கள். மொத்தக் குடும்ப வருமானத்தை ஆள் எண்ணிக்கையால் வகுப்பார்கள். அதே முகவரியில் இருக்கும் பாட்டியை, வேலையில்லாத அண்ணனைச் சேர்க்காமல் படிவத்தை நிரப்பிவிட்டு, "எங்களுக்குக் கிடைக்காது" என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய. ஐந்து பேர் இருக்கும் வீட்டை மூன்று பேராக எழுதினால் வருமானம் கூடித் தெரியும்.

இன்னொன்று. ஒரு முறை மறுத்தார்கள் என்றால் அது அந்த ஆண்டுக்கு மட்டும். அப்பாவுக்கு வேலை போனது, பாட்டி கூட வந்து சேர்ந்தார் என்று நிலைமை மாறினால் மறுபடி விண்ணப்பியுங்கள், ஆதாரத்தோடு.

வங்கியா, அப்பாவின் சேம நிதியா?

வீட்டில் அதிகம் விவாதிக்கப்படுவது இதுதான். பெரும்பாலும் அவசரத்தில் முடிவாவதும் இதுதான். "சேம நிதி நம்ம காசுதானே, வங்கிக்கு எதுக்கு வட்டி?" என்று அப்பா சொல்வார். பாசத்தில் சொல்கிறார். கணக்கு வேறு சொல்கிறது.

மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கிலிருந்து கட்டணம் எடுத்தால் 2.5 விழுக்காடு வட்டியோடு திரும்ப வைக்க வேண்டும். அந்த வட்டி, பணம் எடுத்த நாளிலிருந்தே ஓடுகிறது. வங்கி வழியே வரும் கல்விக்கட்டணக் கடனில் படிப்பு முடியும்வரை வட்டி இல்லை, ஆனால் முடிந்தபின் விகிதம் கூடுதல். அந்த விகிதம் சந்தையை ஒட்டி மாறும். நீங்கள் கையெழுத்துப் போடும் ஆண்டின் விகிதத்தை வங்கிக் கடிதத்தில் பாருங்கள். இங்கே கணக்குக்காக 4.5 விழுக்காடு என்று வைப்போம்.

30,000-இல் 90 விழுக்காடு என்று ஆண்டுக்கு 27,000 வீதம் ஐந்து ஆண்டு எடுத்தால் அசல் 135,000 வெள்ளி.

வங்கிக் கடனில், பட்டம் வாங்கும் நாளில் நீங்கள் தர வேண்டியது அதே 135,000. சேம நிதியில், வட்டி சேர்ந்து சுமார் 145,500. இன்னும் ஒரு காசு சம்பாதிக்கும் முன்பே 10,500 வெள்ளி ஏறிவிட்டது.

வேலைக்குப் போய் 5 ஆண்டில் அடைத்துவிட்டால், வங்கிக்கு மொத்தம் சுமார் 151,000, சேம நிதிக்குச் சுமார் 154,900. வங்கிக் கடன்தான் மலிவு.

12 ஆண்டு இழுத்தால் கணக்கு திரும்புகிறது. வங்கிக்குச் சுமார் 175,000, சேம நிதிக்குச் சுமார் 168,500.

வங்கிக் கடனை அதிகபட்சக் காலமான 20 ஆண்டுக்கு இழுத்தால் மொத்தம் கிட்டத்தட்ட 205,000. வட்டியே 70,000 வெள்ளி.

என் தீர்ப்பு இது. வேகமாக அடைக்க மனமும் வாய்ப்பும் இருப்பவர் வங்கிக் கடனை எடுக்கட்டும். மெதுவாகத்தான் முடியும் என்றால் சேம நிதி கொஞ்சம் மலிவு. ஆனால் அந்தச் சில ஆயிரம் வெள்ளிக்காக ஒன்றைப் பணயம் வைக்கிறீர்கள். அப்பாவின் சாதாரணக் கணக்கிலிருந்துதான் வீவக வீட்டுத் தவணை போகிறது. 55 வயதில் அவருடைய ஓய்வுக்கால நிதி உருவாவதிலும் அந்தப் பணத்துக்குப் பங்கு உண்டு. மகனோ மகளோ மூன்று மாதம் தாமதித்தால் வங்கி கடிதம் போடும். அப்பா போடமாட்டார். "மெதுவா கட்டு கண்ணு" என்பார். அதனாலேயே சேம நிதியைத் தொடுவது கடைசி வழியாக இருக்கட்டும். தொட்டுவிட்டால், படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கும், 12 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஜாமீன் கையெழுத்து

கல்விக்கட்டணக் கடனுக்கு ஒருவர் உத்தரவாதம் தர வேண்டும். அப்பாவுக்கு வயது தாண்டிவிட்டாலோ வேறு தடை இருந்தாலோ சித்தப்பாவிடமோ மாமாவிடமோ கேட்பார்கள். கேட்பது நீங்களாக இருங்கள். பெற்றோரைத் தூது அனுப்ப வேண்டாம்.

1. போகும்போது முழுத் தொகையை எழுதிய தாளோடு போங்கள். "சும்மா ஒரு கையெழுத்து மாமா" என்று சொல்லிக் கேட்காதீர்கள். அது அவருக்குச் செய்யும் அநியாயம்.
2. நீங்கள் கட்டாவிட்டால் வங்கி அவரிடம் வரும் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.
3. அவர் மறுத்தால் மனத்தாங்கல் வேண்டாம். அவருக்கும் வீட்டுக் கடன் இருக்கலாம்.
4. கையெழுத்தான பத்திரத்தின் நகல் ஒன்று அவரிடம் இருக்கட்டும்.

கையில் புழங்கும் பணம்

கட்டணக் கடன் பெரியது, ஆனால் அசையாமல் நிற்கும். உங்களைத் தினமும் சோதிப்பது கைச்செலவு. மருத்துவ மாணவரின் செலவில் ஓட்டை எங்கே விழுகிறது என்று பார்த்தால், முதல் இரண்டு ஆண்டு பெரிய வித்தியாசம் தெரியாது. கெண்ட் ரிட்ஜிலோ நொவினாவிலோ வகுப்பு, ரயிலில் போய் வருவீர்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து வார்டு. ஒரு பிரிவு கெண்ட் ரிட்ஜில் என்றால் அடுத்தது ஈசூனில், அதற்கடுத்தது செங்காங்கிலோ சாங்கியிலோ. காலை ஆறரைக்கு ரவுண்ட்ஸ் தொடங்கும். தூங்கி எழத் தாமதமானால் கிராப். இரவு டியூட்டி பார்த்துவிட்டு ரயில் நின்றபின் வெளியே வந்தால் மறுபடி கிராப். ஒரு சவாரி 20 வெள்ளி என்றால், வாரம் மூன்று சவாரிக்கு மாதம் 240. பல மாணவர்களுக்குச் சாப்பாட்டுச் செலவைவிட இது பெரியது. யாரும் இதை எழுதி வைப்பதில்லை.

செய்ய வேண்டியது:

1. ஒரு மாதம் எதையும் குறைக்காமல், செலவை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு பேநவ், ஒவ்வொரு அட்டைத் தட்டல்.
2. மாத முடிவில் மூன்றாகப் பிரியுங்கள்: சாப்பாடு, போக்குவரத்து, மற்றது.
3. "மற்றது" மிகப் பெரியதாக இருந்தால் அதை மறுபடி பிரியுங்கள். பதில் அங்கேதான் ஒளிந்திருக்கும்.
4. அடுத்த மாதத்துக்கு ஒரே ஒரு வரம்பு வையுங்கள். எல்லாவற்றுக்கும் வரம்பு வைத்தால் இரண்டாம் வாரமே கைவிடுவீர்கள்.
5. வெவ்வேறு மருத்துவமனைக்குச் சுற்றும் மாதங்களில் மாணவர் சலுகை மாதாந்தரப் பயண அட்டை கட்டுபடியாகுமா என்று கணக்குப் போடுங்கள். வளாகத்திலேயே தங்கியிருக்கும் மாதங்களில் அது வீண்.

சாப்பாட்டில் அதிகம் மிச்சம் பிடிக்கப் போகாதீர்கள். வார்டில் எட்டு மணி நேரம் நிற்கிற உடம்பு அது. லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் வீடு என்றால் ஞாயிறு காலை தேக்கா ஈரச்சந்தையில் ஒரு வாரக் காய்கறியும் மீனும் வாங்கி, இரண்டு மூன்று பேர் சேர்ந்து சமைப்பது நல்ல வழி. கீரைக்கட்டு, முருங்கைக்காய், கத்தரிக்காய் எல்லாம் பேரங்காடியைவிட அங்கே மலிவாகக் கிடைக்கும். கடைக்காரரோடு நாலு வார்த்தை தமிழில் பேசினால் கறிவேப்பிலை சும்மாவே வரும்.

ஸ்டெதஸ்கோப் விஷயம். முதல் ஆண்டிலேயே இதயநோய் நிபுணர் வைத்திருக்கும் விலையுயர்ந்த ரகத்தை வாங்கிக் கொடுக்கப் பெற்றோர் ஆசைப்படுவார்கள். சாதாரண கிளாசிக் ரகம் ஐந்தாண்டுக்கும் தாராளம். புத்தகங்களுக்கு நூலகம் இருக்கிறது, சீனியர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு மருத்துவமனைக்குப் போகும் விருப்பப் பயிற்சிக்கு மட்டும் முன்கூட்டியே சேருங்கள். விமானச் சீட்டும் தங்குமிடமும் சேர்ந்தால் ஒரு பெரிய தொகை வரும். அதைக் கடைசி நேரத்தில் கடன் அட்டையில் போடுபவர்கள் பலர்.

பகுதிநேர வருமானம்

மருத்துவ மாணவர் என்றால் டியூஷன் கிடைப்பது எளிது. உயர்நிலை அறிவியலோ தொடக்கக் கல்லூரி வேதியியலோ சொல்லிக்கொடுத்தால் மணிக்கு 30 முதல் 50 வெள்ளி வரை கேட்கலாம். வாரம் நான்கு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். ஓர் ஆண்டு தோற்றால் இன்னோர் ஆண்டுக் கட்டணமும் போகும், ஓர் ஆண்டுச் சம்பளமும் போகும். எத்தனை டியூஷன் எடுத்தாலும் அது ஈடாகாது. வெளிநாட்டு மாணவர்கள் வேலை எடுக்கும் முன் மாணவர் அனுமதிக்கு உரிய மணிநேர வரம்பைப் பல்கலைக்கழகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

> பாதுகாப்பு: "உங்க வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் பயன்படுத்தணும், மாசம் 300 வெள்ளி தர்றோம்" என்று டெலிகிராமில் வரும் வேலையை ஏற்காதீர்கள். வங்கிக் கணக்கையோ சிங்பாஸையோ அடுத்தவருக்குக் கொடுப்பது குற்றம். மருத்துவராகப் பதிவு செய்யும்போது நன்னடத்தை பார்க்கப்படும். சந்தேகம் வந்தால் 1799 எண்ணில் கேளுங்கள்.

அவசரத்துக்குப் பணம் வேண்டும்போது

மடிக்கணினி உடைந்தது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு. ஆயிரம், இரண்டாயிரம் உடனே வேண்டும். இந்த மாதிரி நாளில்தான் தவறான கதவு திறக்கும். ஒவ்வொரு கதவும் என்ன விலை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

*பல்கலைக்கழக நிதியுதவி அலுவலகம்.* முதலில் இங்கே போங்கள். அவசரகால உதவி என்ன இருக்கிறது என்று நேரில் கேளுங்கள். மாணவர்கள் கடைசியாகப் போவது இங்கே, முதலில் போக வேண்டியதும் இங்கே.

*மாணவர் கடன் அட்டை.* ஆண்டு வருமானம் 30,000 வெள்ளி இல்லாதவருக்குச் சாதாரணக் கடன் அட்டை தரமாட்டார்கள். மாணவர் அட்டைக்கு 500 வெள்ளி வரம்பு. வரம்பு சின்னதாக இருப்பதால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். ஆண்டு வட்டி 25 விழுக்காட்டுக்கு மேல். பல வங்கிகளில் தாமதக் கட்டணமே 100 வெள்ளி, அதாவது 500 வெள்ளிக் கடனில் ஐந்தில் ஒரு பங்கு. அட்டை வைத்திருந்தால் முழுத்தொகையும் தானாகக் கட்டும் ஏற்பாட்டை அன்றே செய்யுங்கள். "குறைந்தபட்சத் தொகை" என்ற வரியைத் தொடாதீர்கள்.

*மூன்று தவணையில் கட்டும் செயலிகள்.* வட்டி இல்லை என்பார்கள். தவணை தவறினால் கட்டணம் உண்டு. மூன்று செயலியில் மூன்று பொருள் வாங்கினால் எந்த மாதம் எவ்வளவு போகும் என்று உங்களுக்கே தெரியாது. உணவுக்கும் உடைக்கும் இதைப் பயன்படுத்த வேண்டிய நிலை வந்தால் மாதக் கணக்கு உடைந்துவிட்டது என்று பொருள். 'கையில் புழங்கும் பணம்' பகுதிக்குத் திரும்புங்கள்.

*அடகுக்கடை.* நம் வீடுகளில் இதைச் சொல்ல வெட்கப்படுவார்கள். நான் வெட்கப்படவில்லை. சிராங்கூன் சாலையில் நகைக்கடைகளுக்கு நடுவே உரிமம் பெற்ற அடகுக்கடைகள் இருக்கின்றன. முகப்பில் சங்கிலியைக் கொடுத்தால் தராசில் எடை பார்ப்பார்கள், கல்லில் உரசித் தரம் பார்ப்பார்கள், தொகை சொல்வார்கள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதித் தருவார்கள். சட்டப்படி வட்டி மாதம் 1.5 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. மீட்க 6 மாதம். 2,000 வெள்ளிக்கு மாதம் 30 வெள்ளிக்கு மேல் வராது. நகை உங்களுடையதாக இருந்து, ஆறு மாதத்துக்குள் மீட்கப் பணம் வருவது நிச்சயம் என்றால், சின்ன அவசரத்துக்கு இது ஏற்கத்தக்க வழி. ஆறு மாதம் தாண்டினால் நகை போய்விடும். அம்மாவின் தாலிச்சங்கிலியை மட்டும் எதற்காகவும் கொண்டுபோகாதீர்கள். சீட்டைப் படம் எடுத்து வையுங்கள், மீட்க வேண்டிய தேதிக்கு ஒரு மாதம் முன்பே கைப்பேசியில் நினைவூட்டல் போடுங்கள்.

*உரிமம் பெற்ற கடன் கொடுப்போர்.* சட்டப்படியான கடைதான். ஆனால் மாதம் 4 விழுக்காடு வரை வட்டி, அதோடு அசலில் 10 விழுக்காடு வரை நிர்வாகக் கட்டணம் எடுக்கலாம். 2,000 கேட்டால் கையில் 1,800-தான் வரும், வட்டி 2,000-க்கு ஓடும், முதல் மாதமே 80 வெள்ளி. தவணை தவறினால் தாமதத்துக்கு மாதம் 60 வெள்ளி வரை தனி. மாணவருக்கு இந்தக் கதவு வேண்டாம் என்பதே என் கருத்து.

*கடன்முதலைகள்.* வாட்ஸ்ஆப்பிலும் குறுஞ்செய்தியிலும் "உடனடிக் கடன்" என்று வருவதெல்லாம் இவர்கள் அல்லது மோசடிக்காரர்கள். உரிமம் பெற்றவர்களுக்குக் குறுஞ்செய்தியில் ஆள் பிடிக்க அனுமதியே இல்லை. உண்மையானவர் நேரில் பார்க்காமல் கடன் தரமாட்டார், முன்பணமும் கேட்கமாட்டார். பெயர் உண்மையா என்பதைச் சட்ட அமைச்சின் பதிவகப் பட்டியலில் பாருங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால் இன்னொரு கடன் வாங்கி அடைக்காதீர்கள். போலீசிடம் போங்கள், வீட்டில் சொல்லுங்கள், அதே நாளில். கதவில் சாயம் ஊற்றும் வரை காத்திருந்தால் தண்டனை உங்கள் தாய்தகப்பனுக்கும் பக்கத்து வீட்டாருக்கும்.

வெளிநாட்டில் படிக்க நினைப்பவருக்கு ஒரு எச்சரிக்கை

இங்கே இடம் கிடைக்காமல் இந்தியாவிலோ ஆஸ்திரேலியாவிலோ பிரிட்டனிலோ படிக்கலாம் என்று வீட்டை அடமானம் வைக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். எல்லா வெளிநாட்டுப் பட்டமும் சிங்கப்பூரில் பதிவாகாது. அங்கீகரித்த வெளிநாட்டுப் பள்ளிகளின் எண்ணிக்கை 2020 ஜனவரி முதல் 160-இலிருந்து 103-ஆகக் குறைந்தது. பட்டியல் அதன்பிறகும் மாறியிருக்கிறது. முகவர் காட்டும் தாளை நம்பாமல் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பட்டியலில் கல்லூரியின் பெயரை நீங்களே தேடுங்கள். பெயர் இல்லையென்றால் அந்தக் கடனை வாங்காதீர்கள். படித்து வந்து இங்கே வேலை செய்ய முடியாதவர் எந்தச் சம்பளத்தில் கட்டுவார்?

முதல் சம்பளம் வந்ததும்

கணக்கு எளிதாக இருக்க, மாதச் சம்பளம் 5,000 வெள்ளி என்று வைப்போம். சேம நிதிக்கு 20 விழுக்காடு போய் கையில் சுமார் 4,000. இதுவரை இத்தனை பணம் பார்த்ததில்லை. காரும் கடிகாரமும் விடுமுறையும் கண்ணுக்குத் தெரியும். முதல் மூன்று மாதத்துக்கு இந்த வரிசையைப் பின்பற்றுங்கள்:

1. வங்கிக் கடிதத்தை எடுத்து, வட்டி ஓடத் தொடங்கும் தேதியையும் முதல் தவணைத் தேதியையும் தனித்தனியாகக் குறியுங்கள். இரண்டும் ஒரே நாள் அல்ல. இடையில் உள்ள மாதங்களில் தவணை இல்லாவிட்டாலும் வட்டி ஏறும்.
2. தவணையை 20 ஆண்டுக்கு வைக்காதீர்கள். 135,000 வெள்ளிக்கு 4.5 விழுக்காட்டில் 20 ஆண்டு என்றால் மாதம் சுமார் 855, 10 ஆண்டு என்றால் சுமார் 1,400. மாதம் 545 வெள்ளி கூடுதலாகக் கட்டினால் மொத்தத்தில் 37,000 வெள்ளி மிச்சம்.
3. மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் சேருங்கள். அது சேரும்வரை கூடுதல் தவணை வேண்டாம்.
4. அப்பாவின் சேம நிதியைத் தொட்டிருந்தால், குறைந்தபட்சத் தவணையோடு நிற்காமல் கூடுதலாகக் கட்டுங்கள். அவர் 55-ஐ நெருங்குகிறார் என்றால் வங்கியைவிட அவருக்கு முன்னுரிமை. வட்டி விகிதம் என்ன சொன்னாலும் சரி.
5. மாதம் வீட்டுக்கு எவ்வளவு கொடுப்பது என்று பெற்றோரோடு பேசி ஒரு தொகை நிர்ணயம் செய்யுங்கள். பேசாமல் கேட்டபோதெல்லாம் கொடுத்தால் இரு தரப்புக்கும் மனவருத்தம்.

பட்டமளிப்பு நெருங்கும்போதே காப்புறுதி முகவர்கள் தேடி வருவார்கள். பள்ளித் தோழராகவே இருப்பார். காப்புறுதி வேண்டியதுதான், ஆனால் முதலீட்டையும் காப்புறுதியையும் சேர்த்த, மாதம் பல நூறு வெள்ளி கேட்கும் திட்டத்தில் முதல் மாதமே கையெழுத்துப் போடாதீர்கள். கடனாளியாக இருக்கும் இளைஞருக்கு முதலில் வேண்டியது மருத்துவக் காப்புறுதியும், நீங்கள் இறந்தால் ஜாமீன் போட்டவரைக் காக்கும் குறைந்த விலை ஆயுள் காப்புறுதியும். தவறிக் கையெழுத்துப் போட்டிருந்தால், பத்திரம் கைக்கு வந்த 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை உண்டு.

வீடு வாங்கும் திட்டம் இருந்தால் இன்னொன்று. வங்கி வீட்டுக்கடன் தரும்போது உங்கள் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. கல்விக் கடனும் அந்தக் கணக்கில் வரும். மாணவராக இருந்தபோது தவறவிட்ட அட்டைத் தவணையும் கடன் தகவல் நிலையத்தின் பதிவில் நிற்கும்.

கட்ட முடியாமல் போனால்

உடம்பு சரியில்லை, பயிற்சியில் இடைவெளி, குடும்பத்தில் இழப்பு. யாருக்கும் வரலாம்.

1. தவணைத் தேதிக்கு முன்பே வங்கியை அழையுங்கள். காலத்தை நீட்டவும் தவணையைக் குறைக்கவும் முன்கூட்டிக் கேட்பவருக்கே வழி கிடைக்கும்.
2. பேசிய தேதி, பேசியவர் பெயர், சொன்ன பதில் மூன்றையும் எழுதி வையுங்கள்.
3. ஜாமீன் போட்டவரிடம் நீங்களே சொல்லுங்கள். வங்கிக் கடிதம் அவர் கதவைத் தட்டித் தெரியக் கூடாது.
4. பல இடத்தில் கடன் சேர்ந்துவிட்டால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் அமைப்பிடம் போங்கள். எல்லாக் கடனையும் ஒரே திட்டத்தில் கொண்டுவர உதவுவார்கள்.
5. மருத்துவமனையில் உங்கள் மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கடன் கவலையோடு இரவு டியூட்டி பார்ப்பவர் மருந்து அளவில் தவறு செய்யக்கூடும்.

கடைசித் தவணை கட்டிய பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கடன் முடிந்தது என்றும் உத்தரவாதம் விடுவிக்கப்பட்டது என்றும் வங்கியிடம் எழுத்தில் கடிதம் வாங்குங்கள். ஒரு நகலை உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டவரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.